பதினான்கு நாளில் நேபாளம்: எவரெஸ்ட் அடிவாரமா, லாங்டாங்கா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வேலை பார்க்கும் நண்பர்கள் நால்வர். எல்லோரும் முப்பதுகளில் இருப்பவர்கள், ஒருவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். அக்டோபரில், வீட்டிலிருந்து கிளம்பி வீடு வந்து சேர 14 நாள் கிடைக்கும். நேபாளம் போய் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடக்க ஆசை. முடிந்தால் ராஃப்டிங், பாராகிளைடிங் இரண்டையும் சேர்த்துக்கொள்ள விருப்பம். எப்படித் திட்டமிடுவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த 14 நாளுக்குள் எவரெஸ்ட் அடிவாரத்தை நுழைக்காதீர்கள். அதை 17, 18 நாள் கிடைக்கும் ஆண்டுக்கு வைத்துக்கொண்டு, இந்த முறை லாங்டாங் பள்ளத்தாக்குக்குப் போங்கள். உங்கள் ஆசையைக் குறைக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இமயமலையில் ஒரு பயணம் நல்லபடியாக முடியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கால் பலமோ பணமோ அல்ல, எந்த உயரத்தில் எத்தனை இரவு தூங்குகிறீர்கள் என்பதுதான். எனவே வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் இரவுகளை எண்ணுங்கள்.

எவரெஸ்ட் பாதையின் கணக்கைப் பார்ப்போம். நடை தொடங்கும் லுக்லா விமான நிலையமே ஏறக்குறைய 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மிக உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். ஆக, நம் ஊரில் உச்சியாக இருக்கும் உயரத்துக்கும் மேலே அங்கே முதல் அடி எடுத்து வைக்கிறீர்கள். அங்கிருந்து நாம்சே 3,440, திங்போச்சே 4,410, லோபுச்சே 4,940, கோரக்‌ஷேப் 5,164, கடைசியாக அடிவார முகாம் 5,364 மீட்டர். அந்த இடத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது.

மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறிப்போய் அடுத்த இரவு தூங்காதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்குங்கள். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் பெரிய சிக்கல் இல்லை, தூங்கும் உயரம்தான் கணக்கு. இந்த விதியை மதித்தால் லுக்லாவிலிருந்து போய்த் திரும்ப 11, 12 நாள் ஆகும். காத்மாண்டுவில் முன்னால் இரண்டு நாள், பின்னால் ஒரு நாள், சென்னை திரும்ப ஒரு நாள். அதற்கு மேல் லுக்லா விமானத்துக்காக இரண்டு நாளாவது கையிருப்பு வேண்டும். லுக்லாவின் ஓடுபாதை 527 மீட்டர் நீளம்தான், அதுவும் சரிவானது. மேகம் மூடினால் விமானம் இறங்காது. அக்டோபர், நவம்பர் கூட்ட நாட்களில் பெரும்பாலான லுக்லா விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதும் இல்லை. நான்கைந்து மணி நேரம் சாலையில் போய் ராமேச்சாப் மாவட்டத்தின் மந்தலியில்தான் ஏற வேண்டும், அதற்காக நள்ளிரவுக்குப் பிறகு கிளம்ப வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், பதினேழுக்குக் குறையாது.

“14 நாளில் முடித்துத் தருகிறோம்” என்று சொல்லும் பயண முகவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். அவர்கள் வெட்டுவது மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: நாம்சே அல்லது திங்போச்சேயில் தங்கும் கூடுதல் இரவு, லுக்லாவுக்கான கையிருப்பு நாள், அல்லது இறங்கி வரும் நடை. மூன்றாவதற்கு ஹெலிகாப்டர் கட்டணம் தனி. எனக்கு மிகவும் கவலை தருவது முதலாவது வெட்டுதான். நாள் கணக்கு இறுக்கமாக இருக்கும் குழுவில் ஒருவருக்குத் தலைவலி வந்தால் அவர் வாயைத் திறக்க மாட்டார். தன்னால் மற்ற மூவரின் பயணம் கெடும் என்று நினைப்பார். இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை, ஆனாலும் காலையில் “பரவாயில்லை, போகலாம்” என்பார். உயர நோய் ஆபத்தாக முற்றுவது பெரும்பாலும் இந்தப் “பரவாயில்லை”யில்தான். திட்டத்தில் காலியாக ஒரு நாள் இருந்தால் அதே ஆள் தயங்காமல் உண்மையைச் சொல்லிவிடுவார்.

உயர நோயின் முதல் கட்டம் தலைவலி. அதோடு குமட்டல், களைப்பு, தலைச்சுற்றல் ஏதாவது சேர்ந்தால் அது உயர நோய்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள், வேறு காரணம் தேடாதீர்கள். அந்த நிலையில் மேலே போகக் கூடாது, அங்கேயே தங்கி ஓய்வெடுக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். கூடினால் இறங்க வேண்டும். இரண்டு அறிகுறிகளை மட்டும் நால்வரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்று, குதிகாலை மறு கால் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது. மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள். இரண்டு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல். நுரையீரலில் நீர் சேர்கிறது. இந்த இரண்டில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. இருட்டானாலும் துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும். இறங்குவதற்கு ஈடான மருந்து எதுவும் இல்லை.

இதில் உடற்பயிற்சி காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். மாரத்தான் ஓடுபவருக்கும் உயர நோய் வரும். சொல்லப்போனால், வேகமாக ஏறிவிட முடிகிறது என்பதாலேயே அவருக்கு ஆபத்து அதிகம்.

அசெட்டசோலமைடு என்ற மருந்தை, டயமாக்ஸ் என்ற பெயரில், பலர் முன்கூட்டியே எடுப்பதுண்டு. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனியில் சுருசுருவென்று இருக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு இது ஆகாமல் போகலாம். ரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் உங்கள் நண்பர் இதை மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது; அவர் எடுக்கும் மாத்திரையும் சிறுநீரைக் கூட்டும் வகையாக இருந்தால் இரண்டும் சேர்ந்து உடலை வறட்டிவிடும். விமானச் சீட்டு போடுவதற்கு முன்பே அவர் மருத்துவரைப் பார்த்துவிடட்டும். அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் பொதுவாகத் தடையிருக்காது, ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவரைப் பரிசோதித்த மருத்துவர்.

இப்போது லாங்டாங். காத்மாண்டுவுக்கு வடக்கே, திபெத் எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்கு. விமானம் தேவையில்லை, ஜீப்பிலோ பேருந்திலோ ஒரு பகல் பயணத்தில் ஸ்யாப்ருபேசி போய்விடலாம். இதை நான் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. நேபாள விமான நிறுவனங்கள் அனைத்தையும் ஐரோப்பிய ஒன்றியம் 2013 டிசம்பரில் தன் வான்வெளியில் தடை செய்தது. 2023 ஜனவரியில் பொக்காராவில் விழுந்த விமானத்தில் இருந்த 72 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மலைச் சாலையிலும் ஆபத்து உண்டுதான். 2024 ஜூலையில் நிலச்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றில் தள்ளியது. அதனால் இரவுப் பேருந்து வேண்டாம், பகலில் மட்டும் போங்கள். 2025 ஜூலையில் ரசுவாகடி எல்லைப் பாலத்தை வெள்ளம் அடித்துப் போனது, ஸ்யாப்ருபேசி அந்தத் திசையில்தான் இருக்கிறது. கிளம்பும் வாரத்தில் சாலையின் நிலையை வழிகாட்டியிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கு இப்படி வரும். முதல் நாள் சென்னையிலிருந்து டெல்லி வழியாகக் காத்மாண்டு. இரண்டாம் நாள் அனுமதிச் சீட்டும் வாடகைப் பொருட்களும். மூன்றாம் நாள் ஸ்யாப்ருபேசி, 1,500 மீட்டரை ஒட்டியது. நான்காம் நாள் ஆற்றோரக் காட்டு வழியாக லாமா ஹோட்டல். இது ஊரின் பெயரே. உயரம் ஏறக்குறைய 2,450. ஐந்தாம் நாள்தான் முக்கியம். பெரும்பாலான குழுக்கள் அன்றே 3,430 மீட்டரில் இருக்கும் லாங்டாங் கிராமத்துக்கு ஏறிவிடுகின்றன, ஒரே நாளில் ஆயிரம் மீட்டர். நீங்கள் அதற்குக் கீழே, தங்ஷ்யாப் பக்கம் 3,200 மீட்டர் வாக்கில் நின்றுவிடுங்கள். ஆறாம் நாள் லாங்டாங் கிராமம் அல்லது அதைத் தாண்டிய முண்டு. ஏழாம் நாள் கியாஞ்சின் கோம்பா, 3,870. அங்கே மூன்று இரவு. எட்டாம் நாள் எல்லோரும் நன்றாக இருந்தால் ஊருக்கு மேலே நிற்கும் கியாஞ்சின் ரி (ரி என்றால் மலைமுகடு) என்பதன் கீழ் முகடு வரை ஏறி இறங்கலாம். ஒன்பதாம் நாள், தெம்புள்ளவர்கள் விடியும் முன் கிளம்பி ஏறக்குறைய 5,000 மீட்டர் உயரமுள்ள செர்கோ ரி; மற்றவர்கள் பள்ளத்தாக்கின் உள்ளே லாங்ஷிசா கர்க்கா திசையில் சமவெளி நடை. இந்த இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர் எதையும் இழக்கவில்லை, பனியாறுகள் இரு பக்கமும் தொங்கும் அந்த நடை எனக்கு முகட்டைவிடப் பிடிக்கும். பத்தாம் நாள் லாமா ஹோட்டல், பதினோராம் நாள் ஸ்யாப்ருபேசி, பன்னிரண்டாம் நாள் காத்மாண்டு. பதின்மூன்று கையிருப்பு. பதினான்கு வீடு.

கியாஞ்சினில் யாக் பால் பாலாடைக்கட்டி செய்யும் ஒரு சிறு ஆலை இருக்கிறது. 1950-களில் சுவிஸ் உதவியோடு தொடங்கியது. கட்டாயம் வாங்கிச் சாப்பிடுங்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் நடக்கும்போது தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. 2015 ஏப்ரல் 25 அன்று நிலநடுக்கம் வந்தபோது, லாங்டாங் லிருங் மலைச் சரிவிலிருந்து பனியும் பாறையும் பெயர்ந்து பழைய லாங்டாங் கிராமத்தை முழுவதும் மூடிவிட்டன. ஊர்க்காரர்களும் வெளிநாட்டுப் பயணிகளுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்றைய பாதை அந்தக் கற்குவியலின் மேலேயே போகிறது. பிழைத்தவர்கள் சற்றுத் தள்ளி மீண்டும் வீடு கட்டி, விடுதி நடத்தி, உங்களுக்குச் சோறு போடுகிறார்கள். அந்த இடத்தில் சத்தம் போட்டுப் படம் பிடிக்காதீர்கள். மந்திரக் கற்கள் அடுக்கிய மணிச் சுவர்கள் வழியெங்கும் வரும், அவற்றை உங்கள் வலப்பக்கமாக விட்டு இடப்புறம் நடப்பது மரபு. விடுதிகளில் அறை வாடகை குறைவாக இருக்கும், இரவும் காலையும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பதுதான் வழக்கம். வெளியிலிருந்து பிஸ்கட்டும் நூடுல்ஸும் மூட்டை கட்டிப் போய் அவர்கள் பிழைப்பில் கை வைக்காதீர்கள். சாப்பாடு பற்றி நமக்குக் கவலையே வேண்டாம். தால் பாத் என்பது சோறு, பருப்பு, காய், ஊறுகாய். கேட்டால் மறுபடியும் போடுவார்கள். இறைச்சி கீழிருந்து குளிர்சாதனம் இல்லாமல் சுமந்து வருவது என்பதால், அசைவம் சாப்பிடுபவர்களும் மேலே போனதும் சைவமாக இருப்பது வயிற்றுக்கு நல்லது. தண்ணீரைக் கொதிக்கவைத்தோ குளோரின் மாத்திரை போட்டோதான் குடிக்க வேண்டும்.

அக்டோபர் நல்ல மாதம்தான், ஆனால் மாதத்தின் முதல் வாரத்தைத் தவிர்க்கப் பாருங்கள். பருவமழை சில ஆண்டுகளில் கடைசியாக ஒரு அடி அடித்துவிட்டுப் போகிறது. 2024 செப்டம்பர் கடைசியில் காத்மாண்டுவையும் சுற்றுப்புறத்தையும் மூழ்கடித்த வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இன்னொரு காரணி நம் கடலிலிருந்து வருவது. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹுட் புயலின் ஈரம் வடக்கே போய், இரண்டு நாள் கழித்து அன்னபூர்ணா சுற்றுப் பாதையில் 5,416 மீட்டரில் உள்ள தோரோங் கணவாயில் பெரும் பனிப்புயலாகக் கொட்டியது. குறைந்தது 43 பேர் இறந்தார்கள். காலையில் வானம் மோசமாக இருந்தும் தேதியைக் காப்பாற்றுவதற்காகக் கிளம்பியவர்களும் அதில் உண்டு. நாம் புயல் செய்தியைப் பார்த்துப் பழகியவர்கள். வங்காள விரிகுடாவில் ஏதாவது உருவாகி வடக்கு நோக்கி நகர்கிறது என்றால், மலையில் இருக்கும் நீங்கள் ஓரிரு நாள் ஊரிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.

நம் நவராத்திரி, விஜயதசமி நாட்களில்தான் நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைன். ஊர் திரும்பும் மக்களால் பேருந்துகள் நிரம்பி வழியும், அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும். இந்த ஆண்டுத் தேதியைப் பார்த்து, காத்மாண்டுவில் உங்கள் இரண்டாம் நாள் அதில் மாட்டாதபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

தாள் வேலைகள் இந்தியர்களுக்குச் சுலபம். விசா வேண்டாம். பாஸ்போர்ட்டோ தேர்தல் ஆணைய வாக்காளர் அட்டையோ போதும். உங்கள் வயதினருக்கு ஆதாரைக் காட்டி விமானத்தில் போக முடியாது, இதில் பலர் விமான நிலையத்தில் தடுமாறுகிறார்கள். லாங்டாங் தேசியப் பூங்காவுக்கு நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும், சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைந்த கட்டணம். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு மலைநடைப் பயணிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் வையுங்கள் என்றே சொல்வேன். முடிந்தால் அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த தமாங் இன வழிகாட்டியாகக் கேளுங்கள். பணமாற்று எளிது: 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், 1993 முதல் மாறாத விகிதம். பெரிய இந்திய நோட்டுகளுக்கான விதி அவ்வப்போது மாறுகிறது, நூறு ரூபாய்த் தாளாக வைத்துக்கொண்டால் தொல்லையில்லை. பாதையில் ஏ.டி.எம். இருக்கும் என்று எண்ணாமல், முழுச் செலவுக்கும் நேபாளப் பணத்தைக் காத்மாண்டுவிலேயே எடுத்துவிடுங்கள்.

சுமை தூக்குபவர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். நால்வருக்கு இரண்டு பேர் வைத்துக்கொண்டு, ஒருவருக்கு இருபது கிலோவுக்கு மேல் கொடுக்காதீர்கள். அதாவது உங்கள் ஒவ்வொருவரின் பெரிய பையும் பத்து கிலோவுக்குள். அவர்களில் பலர் தாழ்வான மலை ஊர்களிலிருந்து வேலைக்கு வருபவர்கள், உயர நோய் அவர்களுக்கும் வரும். வேலை போய்விடும் என்று அவர்களும் சொல்லாமல் மறைப்பார்கள். நல்ல காலணி, குளிராடை, படுக்க இடம், காப்பீடு நான்கும் அவர்களுக்கு இருக்கிறதா என்று முகவரிடம் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத முகவர் உங்களையும் சரியாகப் பார்த்துக்கொள்ள மாட்டார்.

காப்பீடு வாங்கும்போது “வெளிநாட்டுப் பயணக் காப்பீடு” என்ற தலைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல திட்டங்கள் மலைநடையைச் சாகச விளையாட்டு என்று சொல்லி விலக்கியிருக்கும். எத்தனை மீட்டர் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா, யாரிடம் முன் ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். லாங்டாங்குக்கு 5,000 மீட்டரைத் தாண்டிய வரம்பு போதும். லேசான தலைவலிக்கே பயணியைப் பயமுறுத்தி ஹெலிகாப்டர் வரவழைத்துக் காப்பீட்டுப் பணத்தைப் பங்குபோடும் மோசடி 2018-ல் நேபாள அரசின் விசாரணையில் வெளிப்பட்டது. நான் மேலே சொன்ன இரண்டு ஆபத்து அறிகுறிகளும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், எப்போது மறுப்பது, எப்போது உடனே ஒப்புக்கொள்வது என்பதும் தெரியும்.

பயிற்சிக்கு மூன்று மாதம் வையுங்கள். சென்னை தட்டையான ஊர், ஆனால் படிகள் இருக்கின்றன. முதுகில் ஆறேழு கிலோ பையோடு அடுக்குமாடிப் படிகளை வாரம் மூன்று நாள் முக்கால் மணி நேரம் ஏறி இறங்குங்கள். லிஃப்டில் இறங்கிவிடாதீர்கள், முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். லாங்டாங்கிலும் கடைசி இரண்டு நாள் முழுவதும் இறக்கம். வாரக் கடைசிகளில் பரங்கிமலை, அப்புறம் ஆயிரத்து முந்நூறு படிகள் உள்ள சோளிங்கர், அதன்பின் பர்வதமலை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நடப்பது முக்கியம், நேற்றைய வலியோடு இன்று நடக்கப் பழக வேண்டும். நேபாளத்துக்குப் போடப்போகும் காலணியையே இந்த நடைகளிலும் போடுங்கள். காலணியையும் காலுறையையும் மட்டும் இங்கேயே வாங்கிப் பழக்குங்கள். இறகு நிரப்பிய டவுன் ஜாக்கெட், தூக்கப்பை, ஊன்றுகோல் மூன்றையும் காத்மாண்டுவில் பயணிகள் கூடும் தமேல் பகுதியில் வாடகைக்கு எடுக்கலாம். நடக்கும்போது பருத்தி உடை வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாமல் குளிரும்.

பாராகிளைடிங் இந்தப் பயணத்தில் வேண்டாம். அதற்குப் பொக்காரா, சாராங்கோட் போக வேண்டும், சாலையில் போகவும் வரவும் இரண்டு நாள் கரையும். நால்வரும் அதைத்தான் பெரிதாக நினைக்கிறீர்கள் என்றால் லாங்டாங்குக்குப் பதில் அன்னபூர்ணா அடிவாரத்தைத் தேர்ந்தெடுங்கள், அது பொக்காராவிலிருந்தே தொடங்குவது, உயரம் 4,130 மீட்டர். அங்கேயும் தேயுராலியிலிருந்து ஒரே நாளில் 900 மீட்டர் ஏறி அடிவாரத்தில் தூங்காமல், நடுவில் 3,700 மீட்டரில் மச்சாபுச்சரே அடிவாரத்தில் ஓர் இரவு தங்க வேண்டும்.

ராஃப்டிங்குக்குப் பதின்மூன்றாம் நாள் இருக்கிறது. காத்மாண்டு–பொக்காரா நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் திரிசூலியில், காலையில் போய் மாலையில் திரும்பும் பயணம் கிடைக்கும். முதல்முறை போவோருக்கு ஏற்ற ஆறு. ஆனால் அதற்கு முன்பணம் கட்டி வைக்காதீர்கள். மலையில் யாருக்காவது தலைவலி வந்து ஒரு நாள் தங்க நேர்ந்தால் அந்தப் பதின்மூன்றாம் நாள் அவருக்குரியது. பன்னிரண்டாம் நாள் மாலை நால்வரும் காத்மாண்டு வந்து சேர்ந்திருந்தால், அப்போது தமேலில் பதிவு செய்தாலே போதும்.